குற்றாலத்தில் ஒரு பட்டாளத்து டாக்டர்: ராபர்ட் வைட்

செட்டிநாட்டுக் குழம்புக்கு வாசம் கொடுக்கிற கல்பாசி எங்கிருந்து வருது தெரியுமா? பேரைக் கேட்டா ஏதோ பாறையில் படர்ற பாசின்னு தோணும். ஆனா கடைக்கு வர்ற கல்பாசியில் பெரும்பகுதி மலைக்காட்டு மரங்களோட பட்டையில் இருந்து உரித்தெடுத்தது. அது வெறும் பாசியும் கிடையாது. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துற உயிர். அறிவியலில் அதுக்கு லைக்கன்னு பேர். ஸ்கூல் லேப்ல அமிலமா காரமான்னு பார்க்க நாம் நனைச்ச லிட்மஸ் பேப்பரோட சாயமும் லைக்கனில் இருந்து எடுத்ததுதான்.

குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு ஏறுற பாதையில் மரங்களைக் கொஞ்சம் நின்று பார்த்தா லைக்கன் கண்ணில் படும். பட்டை மேல் வெள்ளையா, சாம்பலா, பச்சையா, பெயிண்ட் தெறிச்ச மாதிரி திட்டுத் திட்டா ஒட்டியிருக்கும். சிலதில் கறுப்பு மையில் கிறுக்கின மாதிரி கோடுகள்கூட இருக்கும். அதில் ஒரு திட்டைக் காட்டி, இது இதுவரைக்கும் உலகத்தில் யாரும் பேர் வைக்காத புது இனம்னு ஒருத்தர் சொல்றார்னு வைங்க. அப்படிச் சொல்ல அவர்கிட்ட என்ன இருக்கணும்? கூர்மையான கண் மட்டும் போதுமா?

இந்தக் கேள்விக்குப் பதிலா ஒரு மனுஷரோட வாழ்க்கையையே சொல்லலாம். 1830களில் குற்றாலக் காட்டில் செடி பறிச்சுக்கிட்டுத் திரிந்த பட்டாளத்து டாக்டர் ராபர்ட் வைட். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி இன்னைக்கு யார் ஆராய்ச்சி செய்தாலும் அவர் பேர் மேல் ஒரு தடவையாவது இடறாமல் போக முடியாது.

எடின்பரோவில் இருந்து மெட்ராஸ்

வைட் பிறந்தது 1796 ஜூலை 6, ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில். அப்பா எடின்பரோவில் வக்கீல். வீட்டில் மொத்தம் 14 குழந்தைகள், இவர் 12-வது. எடின்பரோவில் மருத்துவம் படித்து 1818-ல் எம்.டி. பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் மருத்துவம் படிக்கிறவங்க தாவரவியலும் கட்டாயம் படிக்கணும். மருந்தில் பாதி செடியில் இருந்துதான் வந்தது, அதனால் செடியை அடையாளம் தெரியாத டாக்டரை யாரும் டாக்டராகவே மதிக்க மாட்டாங்க.

1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி சர்ஜனா வேலை கிடைத்து மெட்ராஸ் வந்து சேர்ந்தார். ராஜமுந்திரி, சாமல்கோட்டைப் பக்கம் பட்டாளத்தோட கொஞ்ச வருஷம் ஓடியது. சிப்பாய்களுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு பார்க்கிறது அவர் வேலை. செடி சேர்ப்பது வேலைக்கு வெளியே. உள்ளூர் ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு சேகரிக்க ஆரம்பித்தார். எந்தச் செடி எந்த மாசம் பூக்கும், எந்த ஓடைக்கரையில் கிடைக்கும் என்பது வெளியூரில் இருந்து வந்த டாக்டரைவிட அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

அப்போ அவருக்கு ஒரு பெரிய சிக்கல். ஒரு செடியைப் பறித்தாச்சு. அதுக்கு ஏற்கெனவே பேர் இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? புத்தகங்கள் ஐரோப்பாவில் இருந்து கப்பலில் வரணும். வந்தாலும் லத்தீனில் நாலு வரிதான் இருக்கும். இலை முட்டை வடிவம், பூ வெள்ளை, மகரந்தத் தாள் 5. அந்த நாலு வரிக்கு நூறு செடி பொருந்தும். அந்த நாலு வரியை எழுதினவர் கையில் வைத்திருந்த அசல் செடி லண்டனிலோ பாரிஸிலோ ஒரு அலமாரியில் தூங்கும். இங்கே இருக்கிறவர் அதைப் பார்க்க வழியே இல்லை.

நம்ம பாஷையில் சொல்லணும்னா, டேட்டாபேஸ் ஒரு கண்டத்தில், சர்ச் செய்ய வேண்டிய ஆள் இன்னொரு கண்டத்தில், நடுவில் ஆறு மாசக் கப்பல் பயணம்.

கிடைத்த பதவி, போன பதவி

1826-ல் வைட்டுக்கு ஆசைப்பட்ட மாதிரியே ஒரு வேலை கிடைத்தது. மெட்ராஸ் அரசோட இயற்கையியலாளர் பதவி. இப்போ செடி பார்ப்பதே சம்பள வேலை. தெற்கே நீண்ட பயணம் போய் நிறைய சேர்த்தார். ரங்கையா என்ற ஓவியரும் இந்தக் காலத்தில் அவர்கூட வேலை பார்த்தார். அவரைப் பற்றிப் பின்னாடி விரிவா பார்க்கலாம்.

ஆனா 2 வருஷம்தான். 1828-ல் கவர்னர் ஸ்டீபன் லஷிங்டன் சிக்கனம் பார்த்து அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். சேர்த்து வைத்திருந்த அரசுத் தொகுப்பு லண்டனில் கம்பெனி தலைமையகத்துக்குக் கப்பல் ஏறியது. வைட்டை நாகப்பட்டினத்துக்குப் பட்டாள டாக்டரா அனுப்பிட்டாங்க.

ஃபண்ட் நின்ன ப்ராஜெக்ட் என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். ஃபோல்டர் அப்படியே கிடக்கும், ஆள் வேற வேலைக்குப் போயிடுவாங்க. வைட் அதை நிறுத்தவில்லை. நாகப்பட்டினத்தில் இருந்துகொண்டே சொந்தக் காசில் ஆள் வைத்துச் செடி சேர்த்தார். கிளாஸ்கோவில் பேராசிரியரா இருந்த வில்லியம் ஜாக்சன் ஹூக்கருக்குக் காய்ந்த செடிகளையும் ரங்கையா வரைந்த படங்களையும் அனுப்பினார். ஹூக்கர் அதைத் தன் பத்திரிகையில் அச்சுப் போட்டார். ஹூக்கர்தான் பின்னாளில் கியூ தாவரவியல் பூங்காவோட இயக்குநர் ஆனவர். இந்தக் கடிதப் போக்குவரத்து வைட்டோட வாழ்க்கையையே மாற்றியது.

லட்சம் மாதிரிகள்

1831-ல் நீண்ட விடுப்பில் ஊருக்குக் கிளம்பினார். கூடவே எடுத்துப்போன சாமானில் சுமார் 1,00,000 உலர்ந்த செடி மாதிரிகள். எடை 2 டன் வரும். அதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். ஒரே இனத்தில் ஏன் இவ்வளவு மாதிரி? பகிர்ந்து கொடுக்கத்தான். ஐரோப்பாவின் பல நகரங்களில் இருந்த நிபுணர்களுக்கு நகல் மாதிரிகளைப் பிரித்து அனுப்பினார். புல்லும் கோரையும் ஜெர்மனியின் நீஸுக்கு, சூரியகாந்திக் குடும்பம் ஜெனீவாவின் டி கண்டோலுக்கு என்று யாருக்கு எது கைவந்த கலையோ அவருக்கு அது. எல்லாவற்றையும் தானே செய்து முழுப்பேரும் வாங்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் இல்லை.

ஸ்காட்லாந்தில் ஜார்ஜ் வாக்கர் ஆர்னட் என்ற தாவரவியலாளரோட சேர்ந்து உட்கார்ந்து எழுதினார். 1834-ல் தென்னிந்தியத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றிய அவங்க நூல், புரோட்ரோமஸ், முதல் தொகுதி வெளிவந்தது. மகரந்தத் தாளை எண்ணி வகைப்படுத்தும் லின்னேயஸ் முறையை விட்டுவிட்டு, செடிகளோட ஒட்டுமொத்த உறவை வைத்து அடுக்குற இயற்கை முறையில் எழுதிய நூல் அது. இரண்டாம் தொகுதி கடைசிவரை வரவே இல்லை. விடுப்பு முடிந்தது, வைட் மறுபடியும் கப்பல் ஏறிவிட்டார்.

பாளையங்கோட்டையும் குற்றாலமும்

1834-ல் திரும்பி வந்ததும் பெல்லாரியில் 33-வது காலாட்படைக்கு சர்ஜன். அந்தப் பட்டாளத்தைப் பாளையங்கோட்டைக்கு மாற்றினாங்க. பெல்லாரியில் இருந்து பாளையங்கோட்டை ஏறக்குறைய 700 மைல் நடை. மற்றவங்களுக்கு அது தண்டனை மாதிரி. வைட்டுக்கு அது காசு கொடுக்காமல் கிடைத்த சேகரிப்புப் பயணம்.

பாளையங்கோட்டையில் இருந்து குற்றாலம் சுமார் 60 கிலோமீட்டர். அந்த 60 கிலோமீட்டரில் என்ன நடக்குதுன்னு கவனிச்சா அவருக்கு ஏன் குற்றாலம் அவ்வளவு பிடித்ததுன்னு புரியும். தாமிரபரணிக் கரை வயல், அதைத் தாண்டினா உடைமரமும் பனையும் நிற்கிற வறண்ட பூமி, தென்காசி தாண்டியதும் திடீரென்று பச்சை. செங்கோட்டைக்கு மேற்கே மலையில் ஒரு இறக்கம் இருக்கு. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டிவிட்டு மிச்ச ஈரத்தோட அந்த இறக்கம் வழியா இந்தப் பக்கம் நுழையும். அதுதான் ஜூன் முதல் வர்ற சாரல். அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழை தனியா ஒரு ரவுண்டு வரும். ஆக ரெண்டு மழை. அடிவாரத்தில் புதர்க்காடு, மேலே ஏற ஏற இலையுதிர்க்காடு, தேனருவிப் பக்கம் போனா எப்பவும் ஈரமா இருக்கிற பசுமைமாறாக்காடு. அரை நாள் நடையில் மூணு உலகம்.

வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு குற்றாலம் அப்பவே பழக்கமான ஊர். வெயில் தாங்காமல் சாரல் மாசங்களில் இங்கே வந்து தங்குவாங்க. அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கம்பெனி இங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டிருந்தது. வந்தவங்களில் பெரும்பாலானவங்க அருவியில் குளித்துவிட்டுப் போனாங்க. வைட் காகிதக் கட்டோடயும் செடி அமுக்குற பலகையோடயும் மலை ஏறினார். குற்றாலத்துத் தாவரங்களைப் பற்றி மெட்ராஸில் வெளிவந்த அறிவியல் இதழில் எழுதவும் செய்தார். பின்னாடி வந்த அவரோட பெரிய நூலில் செடி கிடைத்த இடம் என்ற வரியில் குற்றாலம் என்ற பேர் திரும்பத் திரும்ப வரும்.

ஈரமான காட்டில் பாதி உயிர் தரையில் இருக்காது, மரத்து மேல் இருக்கும். பட்டையைப் பிடித்துத் தொங்குற ஆர்க்கிட், பெரணி, பாசி, லைக்கன். ஆர்க்கிட்களை வைட் தானே எடுத்து விவரித்தார். கடுகு அளவு பூ வைக்கிற ஒபெரோனியா மாதிரி மரத்து ஆர்க்கிட்களையும் விடவில்லை. பாசிகளை ஹூக்கருக்கு அனுப்பினார். கடற்கரையில் ஒதுங்கிய கடல்பாசிகளை எடின்பரோவின் கிரெவில்லிக்கு அனுப்பினார். மன்னார் வளைகுடாவில் இன்னைக்கும் சேகரிக்கிற ஒரு கடல்பாசிக்கு சர்காசம் வைட்டியை என்று கிரெவில்லி பேர் வைத்தது இப்படித்தான். ஐஸ்கிரீம் முதல் துணிச் சாயம் வரைக்கும் பயன்படுற ஆல்ஜினேட் அந்த வகைக் கடல்பாசியில் இருந்து எடுக்கிறது.

அதே காலத்தில் லைக்கன் பக்கமும் வேலை நடந்துகொண்டிருந்தது, ஆனா அது பிரெஞ்சுக்காரங்க கையில். பாண்டிச்சேரியில் தாவரவியல் தோட்டம் அமைக்க வந்த பெலாஞ்சே, நம்ம கிழக்குக் கடற்கரையில் மா, பனை மரப் பட்டைகளில் சடை மாதிரித் தொங்குற ஒரு லைக்கனுக்கு ரொசெல்லா மோன்டாக்னியை என்று பேர் வைத்தார். நீலகிரியில் பெரோட்டே சேர்த்தவற்றைப் பாரிஸில் இருந்த மோன்டாக்னே 1842-ல் விவரித்தார். மோன்டாக்னேவோட பேரைத்தான் பெலாஞ்சே அந்த லைக்கனுக்கு வைத்திருந்தார்.

புதுசுன்னு எப்படிச் சொல்றது

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். ஒரு இனம் புதுசுன்னு சொல்றது உண்மையில் ஒரு எதிர்மறை வாக்கியம். இதுவரை பேர் வைத்த எதுவும் இது இல்ல என்பதுதான் அதோட அர்த்தம். அப்படிச் சொல்ல, பேர் வைத்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டிருக்கணும். காட்டில் பார்க்கிறது ஒரு நாள் வேலை. ஒப்பிடுறது வருஷக்கணக்கில் இழுக்கும்.

வைட் செய்த வரிசை இது. செடியைப் பூவோடயும் காயோடயும் எடுக்கணும். அமுக்கிக் காய வைக்கணும். எங்கே, எப்போ கிடைத்ததுன்னு சீட்டு எழுதணும். பூவை மைக்ரோஸ்கோப் அடியில் வைத்துப் பிரிக்கணும். சூலகத்தில் எத்தனை அறை, விதை எப்படி ஒட்டியிருக்குன்னு பார்க்கணும். புத்தகங்களோடயும் பழைய மாதிரிகளோடயும் ஒப்பிடணும். எதிலும் பொருந்தலைன்னா பேர் வைத்து, விவரம் எழுதி, அச்சில் வெளியிடணும். எந்த மாதிரியைப் பார்த்து எழுதினாரோ அது பத்திரமா ஒரு இடத்தில் இருக்கணும். 100 வருஷம் கழித்து ஒருத்தர் சந்தேகப்பட்டா எடுத்துப் பார்க்க அது வேணும்.

இன்னைக்குப் பட்டை லைக்கன் ஒன்றை விவரிக்கிறவரும் இதே வரிசையில்தான் போறார், கருவிதான் மாறியிருக்கு. பட்டையோட சேர்த்துச் சின்னத் துண்டா சீவி எடுப்பாங்க, ஏன்னா அது பட்டைக்குள்ளேயே ஊறியிருக்கும், தனியா உரிக்க வராது. மேல் பரப்போட நிறம், கறுப்புக் கோடு போல இருக்கிற கனி உறுப்போட உதடு, உள்ளே ஒவ்வொரு பையிலும் எத்தனை வித்து, ஒவ்வொரு வித்திலும் எத்தனை குறுக்குச் சுவர், நீள அகலம் எத்தனை மைக்ரான், இதெல்லாம் அளப்பாங்க. அப்புறம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் ப்ளீச்சும் ஒரு சொட்டு வைத்து நிறம் மாறுதான்னு பார்ப்பாங்க. எந்த அமிலம் உள்ளே இருக்குன்னு குரோமட்டோகிராஃபியில் பிரிப்பாங்க. முடிந்தா டி.என்.ஏ. வரிசையும் எடுப்பாங்க. ஒரு மாதிரியை டைப் என்று குறித்து ஹெர்பேரியத்தில் வைப்பாங்க. கடைசியா, இதுக்கு மிக நெருக்கமான இனம் எது, அதில் இருந்து இது எந்த இடத்தில் விலகுதுன்னு ஒரு பத்தி எழுதுவாங்க. அந்த ஒரு பத்தியில்தான் கண்டுபிடிப்பே இருக்கு.

வைட் காலத்தில் லைக்கன் என்னன்னே யாருக்கும் சரியாத் தெரியாது. அதையும் ஒரு செடின்னுதான் நினைச்சாங்க. ரசாயனச் சொட்டு வைத்துச் சோதிக்கிற முறையை நைலாண்டர் 1866-ல் சொன்னார். அது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டுன்னு ஸ்வென்டனர் 1867-ல் சொன்னார். சொன்னதும் நிபுணர்களே அவரைக் கடுமையா எதிர்த்தாங்க. அப்போ வைட்டுக்கு எழுபது வயசு தாண்டியிருந்தது.

ரங்கையா, கோவிந்து

லத்தீனில் நாலு வரி போதாதுன்னு வைட் தன் அனுபவத்திலேயே பார்த்தவர். படம் வேணும். இந்தியாவில் இருக்கிற டாக்டரும் அதிகாரியும் செடியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி படம் வேணும். ஐரோப்பாவில் வர்ற வண்ணப்பட நூல்கள் ராஜாக்கள் மட்டும் வாங்குற விலையில் இருந்தன. அதனால் கல்லச்சு முறையில் மெட்ராஸிலேயே அச்சடிக்கிறதுன்னு முடிவு செய்தார்.

1838-ல் ஆரம்பித்த அந்த நூல்தான் ஐகோன்ஸ். 1853 வரைக்கும் 15 வருஷம் தொடர்ந்து வந்தது. 6 தொகுதி, 2,101 படங்கள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, விலையைக் குறைக்கத்தான். கூடவே வண்ணம் தீட்டிய இன்னொரு நூல், நீலகிரித் தாவரங்களுக்குத் தனியா ஒரு நூல். இந்தியச் செடிகளுக்கு இந்த அளவுக்குப் படத்தோட ஒரு தொகுப்பை அதுவரை இங்கேயே அச்சிட்டு யாரும் கொடுத்ததில்லை.

வரைந்தது யார்? முதல் பாதி ரங்கையா. 1840களின் நடுவில் இருந்து கோவிந்து. வைட் பூவைப் பிரித்து வைப்பார். இவங்க அதைப் பார்த்து, கிளையோட தோற்றம் நடுவில், பிரித்த பாகங்கள் பெரிதாக்கிக் கீழே, என்று ஒரே தாளில் வரைவாங்க. மகரந்தத் தாளோட முடி, விதையோட வரி எதுவும் தப்பாது. நம்ம இஞ்சினியரிங் டிராயிங்கில் முன்தோற்றம், பக்கத்தோற்றம், வெட்டுத்தோற்றம் போடுற மாதிரிதான். அழகா இருந்தா மட்டும் போதாது, அளவும் சரியா இருக்கணும். ஒரு புது இனத்தின் படத்தில் ஒரு கோடு தப்பினா அந்த இனமே தப்பு.

யோசித்துப் பார்த்தா, காய்ந்த செடி நிறம் போய், நசுங்கி, பூச்சி அரித்துக் கிடக்கும். அது உயிரோட இருந்தப்போ எப்படி இருந்ததுன்னு சொல்ற சாட்சி ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்த கோடுதான். இன்னைக்கும் சில இனங்களில் சந்தேகம் வந்தா அந்தப் படத்தைத்தான் எடுத்துப் பார்க்கிறாங்க.

அவங்க பேர் படத்தோட அடி மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும், வரைந்தவர் இன்னார்னு. அந்தக் காலத்தில் கம்பெனி அதிகாரிகளுக்கு வரைந்த இந்திய ஓவியர்கள் பலருக்கு அந்த மூலையும் கிடைக்கவில்லை. வைட் ஒரு படி மேலே போய், ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துயா என்று கோவிந்து பேரை வைத்தார். பேர் வைப்பதுதான் அந்த உலகத்தில் பெரிய மரியாதை. பின்னாடி வந்த நிபுணர்கள், அந்தச் செடி ஏற்கெனவே டிரோபிடியா என்ற பேரினத்தில் அடங்கும்னு சேர்த்துவிட்டாங்க. விதிப்படி அது சரிதான். முதலில் வந்த பேருக்குத்தான் முன்னுரிமை. ஆனா கோவிந்துவுக்குக் கிடைத்த அந்த இடம் இப்போ இணைப்பெயர் பட்டியலில் ஒரு வரியா நிற்குது.

காட்டில் வழி காட்டி, மரம் ஏறி, செடி பறித்துக் கொடுத்தவங்களுக்கு அந்த வரியும் இல்லை. குற்றால மலையில் உயரக் கிளையில் இருந்த ஆர்க்கிட் தானா இறங்கி வந்து வைட் மேஜையில் உட்காரலை.

கோயம்புத்தூரில் பருத்தி

1836-ல் கம்பெனி வைட்டை பட்டாளத்தில் இருந்து வருவாய்த் துறைக்கு மாற்றியது. பருத்தி, புகையிலை, நிலாவாரை மாதிரிப் பயிர்களைப் பற்றி ஆராயச் சொன்னது. அதே வருஷம் இலங்கைக்கும் பழனி மலைக்கும் போய்ச் சேகரித்தார். 1838-ல் ரோசா ஹாரியட் ஃபோர்டைக் கல்யாணம் செய்துகொண்டார்.

1842-ல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகளுக்கு அவர்தான் பொறுப்பு. லங்காஷயர் ஆலைகளுக்கு நீள இழைப் பருத்தி வேணும், அமெரிக்காவை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பது கம்பெனியோட கணக்கு. 11 வருஷம் வைட் அதில் உழைத்தார். பண்ணையில் விளைந்தது. ஆனா நம்ம விவசாயி அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு நாட்டுப் பருத்தி பழக்கம், மழை தவறினாலும் ஏதோ தேறும். இது சரியா வருமா வராதான்னு அதிகாரிகளுக்குள்ளேயே பெரிய சண்டை. கடைசியில் திட்டம் தோல்வின்னு கணக்கு முடித்தாங்க.

அவர் சம்பளம் வாங்கிய பெரிய வேலை பருத்தி, அது நிற்கவில்லை. ஓய்வு நேரத்தில் செய்தது ஐகோன்ஸ். அது நின்றது. கோயம்புத்தூரிலும் ஊட்டியிலும் இருந்த அந்த வருஷங்களில்தான் அதோட பெரும்பகுதி வெளிவந்தது.

கடைசிக் காலம்

1853-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். ரெடிங் நகருக்குப் பக்கத்தில் கிரேஸ்லி என்ற இடத்தில் நிலம் வாங்கி விவசாயம் பார்த்தார். 1855-ல் ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆக்கினாங்க. அதுக்கப்புறம் தாவரவியலில் பெரிசா எதுவும் எழுதவில்லை. கடைசிக் காலத்தில் தன் சொந்தத் தொகுப்பை கியூவுக்குக் கொடுத்தார். 1872 மே 26-ல் இறந்தார். அவர் பேர் வைத்த புது இனங்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர் பேரை மற்றவங்க வைத்த செடிகளும் ஏராளம். குங்கிலிய வகையில் வர்ற குக்குலு மரத்தோட அறிவியல் பேர் கொம்மிஃபோரா வைட்டியை, அது அவரேதான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லணும். குற்றாலத்துச் செடியோட அசல் மாதிரி எடின்பரோவிலும் கியூவிலும் இருக்கு. நம்ம மலையில் இருக்கிறது என்னன்னு உறுதி செய்ய, நாம் அங்கே கேட்கணும். வைட்டோட தனிப்பட்ட குணத்தால் வந்த நிலைமை இல்லை இது, கம்பெனி ஆட்சியோட ஏற்பாடே அப்படி. 1828-ல் தொகுப்பு முழுக்கக் கப்பல் ஏறினப்போ அது இங்கேயே இருக்கணும்னு யாருக்கும் தோணலை. இப்போ அந்த மாதிரிகளில் பலவற்றைப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்காங்க, ஐகோன்ஸ் முழுசும் இலவசமா கிடைக்குது. தென்காசியில் உட்கார்ந்துகொண்டே 1830களில் குற்றாலத்தில் பறித்த செடியை ஜூம் செய்து பார்க்கலாம். வைட்டுக்கு ஆறு மாசம் எடுத்த ஒப்பீடு நமக்கு ஆறு நிமிஷம்.

லைக்கன் விஷயத்தில் அந்த வேலையை இந்தியாவிலேயே ஊன்றியவர் லக்னோவில் இருந்த தரணி தர் அவஸ்தி. இந்திய லைக்கன்களை அடையாளம் காண்கிற திறவுகோல்களை எழுதி, மாணவர்களைப் பயிற்றுவித்து, மாதிரிகளை நம்ம நாட்டு ஹெர்பேரியத்திலேயே வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் பட்டை லைக்கன்களில் புது இனங்கள் இப்பவும் வந்துகொண்டேதான் இருக்கு. பூக்கிற செடிகளுக்கு ஒரு வைட் கிடைத்த மாதிரி, பட்டையில் ஒட்டியிருக்கிற இந்தச் சின்ன உயிர்களுக்கு அன்னைக்கு ஆள் கிடைக்கலை. அதனால் பாக்கி நிறைய இருக்கு.

இதில் நம்மள மாதிரி ஆட்களுக்கும் வேலை இருக்கு. படத்தில் இருந்து இனத்தைப் பிரிக்கிற மாடல், வித்து அளவை எடுக்கிற இமேஜ் ப்ராசஸிங், மாதிரிகளோட டேட்டாபேஸ் எல்லாம் இந்தத் துறைக்குத் தேவை. ஆனா மாடலுக்குக் கற்றுக்கொடுக்க, சரியா பேர் எழுதின மாதிரி முதலில் வேணும். அந்தச் சீட்டை எழுத ஒரு ஆள் மரத்துக்குப் பக்கத்தில் நிற்கணும்.

சாரல் ஆரம்பிச்சதும் குற்றாலம் போறவங்க, பட்டையை மட்டும் உரிக்காதீங்க. லைக்கன் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், உள்ளங்கை அகலத் திட்டு ஒன்றுக்கு நம்ம வயசுகூட இருக்கலாம். கண்ணால் பாருங்க, கிட்டே போய் ஒரு போட்டோ எடுங்க, எந்த மரம், எந்த இடம், என்ன தேதின்னு கூடவே எழுதி வைங்க. வைட் ஒவ்வொரு செடிக்கும் முதலில் எழுதினதும் அதே சீட்டுதான்.